இம்ப்ளான்ட் பல்லைச் சுற்றி ரத்தம் வந்தபோது

கீழ்க் கடைவாயில் இம்ப்ளான்ட் (தாடை எலும்பில் திருகிப் பொருத்தும் செயற்கைப் பல் வேர்) வைத்து மூன்று வருஷம். திடீரென்று பல் தேய்க்கும்போது அந்த இடத்தில் மட்டும் ரத்தம். வலி துளியும் இல்லை என்று இரண்டு மாதம் விட்டுவிட்டேன், அது பெரிய தப்பு. இயற்கைப் பல்லை எலும்போடு இழுத்துப் பிடிக்கும் நார்கள் இம்ப்ளான்ட்டுக்குக் கிடையாது. அதனால் ஈறில் வரும் அழற்சி வேகமாக எலும்புவரை இறங்கலாம்.

புளியரையிலிருந்து செங்கோட்டைக்கு பஸ் ஏறினேன். டாக்டர் மெல்லிய கம்பியை ஈறுக்கும் இம்ப்ளான்ட்டுக்கும் இடையில் விட்டு ஆழத்தை அளந்தார்: 5 மில்லிமீட்டர். எக்ஸ்ரேயில் எலும்பு கரையவில்லை.

“எலும்பு போயிருந்தா ஈறைத் திறக்க வேண்டி வந்திருக்கும், அண்ணாச்சி” என்றார்.

டைட்டானியம் கருவியால் காறையைச் சுரண்டி எடுத்தார். இரண்டு வாரம் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி மருந்தில் வாய் கொப்பளிப்பு. அப்புறம் தினமும் இரவு, பல்லிடுக்கில் நுழையும் குட்டி பிரஷ். முதல் வாரம் அதன் நுனி சிவந்தே வரும்.

மூன்றாம் மாதம் அளந்தபோது 3 மில்லிமீட்டர். ரத்தம் இல்லை.