தேர்தல் சண்டை உங்கள் சர்வருக்குள் வருவதற்கு முன்னால் செய்ய வேண்டியவை

2024 நவம்பர் 1ஆம் தேதி, மொரீஷியஸில் தேர்தலுக்கு ஒன்பதே நாள் இருந்தது. அரசியல்வாதிகளும் பத்திரிகையாளர்களும் தொலைபேசியில் பேசியவை என்று ஒலிப்பதிவுகள் ஒவ்வொன்றாகக் கசிந்துகொண்டிருந்த நேரம். சமூக ஊடகங்களை 11ஆம் தேதி வரை முடக்கச் சொல்லித் தொலைத்தொடர்பு ஆணையம் உத்தரவு போட்டது. எதிர்ப்பு கிளம்பி மறுநாளே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். ஆனால் அந்த ஒரு ராத்திரிக்குள், வாரத்துக்கு ஒருவர் இருவர் என்று வந்துகொண்டிருந்த எங்கள் சின்ன மாஸ்டடான் சர்வரில் (மாஸ்டடான் என்பது ஒரே நிறுவனம் நடத்தாமல், தனித்தனி ஆட்கள் நடத்தும் சர்வர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் சமூக ஊடகம்), சேரக் கேட்டு நின்றவர்களின் பட்டியல் இரண்டு பக்கத்துக்கு நீண்டுவிட்டது. நம்ம ஆட்கள்தானே என்று எல்லாரையும் உள்ளே விட்டேன். அதற்கு அடுத்த பத்து நாளில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன், உங்களுக்காவது அந்தப் பத்து நாள் வேண்டாம் என்பதற்காக.

முதல் வேலை, சேர்பவர்களை நீங்கள் பார்த்து அனுமதிக்கும்படி வைத்துக்கொள்வது. மாஸ்டடானில் அதற்கு வசதி இருக்கிறது, "ஏன் சேர விரும்புகிறீர்கள்" என்று ஒரு கேள்வியும் கேட்கலாம். நாங்கள் இப்போது கேட்பது: "இந்தத் தீவைப் பற்றியோ தமிழைப் பற்றியோ இரண்டு வரி எழுதுங்கள்." தமிழிலோ, இங்கே எல்லாரும் பேசும் கிரியோலிலோ, பிரெஞ்சிலோ எழுதட்டும், பரவாயில்லை. சண்டைக்கென்றே கணக்குத் திறக்கிறவர் அந்த இரண்டு வரியை எழுதுவதே இல்லை. நெருக்கடியான வாரத்தில் ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று முடிவு செய்துகொண்டு மற்றவர்களைக் காத்திருக்க வையுங்கள். அவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

அப்புறம் விதிகள். "வெறுப்புப் பேச்சு கூடாது" என்று ஒரு வரி போட்டுவிட்டால் அது விதி ஆகாது, ஏனென்றால் எது வெறுப்பு என்பதே ஊருக்கு ஊர் மாறுகிறது. பக்கத்துப் பிரெஞ்சுத் தீவான ரீயூனியனில் தமிழ் வம்சாவளியினர் தங்களையே 'மல்பார்' என்று சாதாரணமாகச் சொல்லிக்கொள்வார்கள். கடல் தாண்டி இங்கே மொரீஷியஸுக்கு வந்தால், அதே சொல்லை ஓர் இந்துவைப் பார்த்து எந்தத் தொனியில் சொல்கிறோம் என்பதைப் பொறுத்து வசவாகிவிடும். எங்கள் சர்வரில் இரண்டு தீவு ஆட்களும் இருக்கிறார்கள். அதனால் இந்தச் சொல்லை வடிகட்டியில் போட முடியாது, யாராவது படித்துப் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

இன்னொன்று சொல்கிறேன். நம் மொரீஷியஸ் ரூபாய் நோட்டில் ஆங்கிலம், தமிழ், இந்தி என்று வரிசை. 1998இல் அச்சடித்த புது நோட்டில் இந்தி தமிழுக்கு மேலே ஏறிவிட்டது, தமிழர்கள் கொதித்தெழுந்ததும் அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்றார்கள். தேர்தலுக்கு நான்கு நாள் முன்பு ஒருவர் திரும்பப் பெற்ற அந்த 1998 நோட்டின் படத்தைப் போட்டு, கீழே "இப்போது யார் மேலே?" என்று மட்டும் எழுதினார். ரிப்போர்ட் வந்தது, அதாவது அந்தப் பதிவைப் பற்றி ஒரு புகார். இங்கே ராத்திரி இரண்டு மணி, டொரோண்டோவில் சாயங்காலம் ஐந்து. அங்கே இருந்து புகார்களைப் பார்க்கிற எங்கள் மாடரேட்டர் தம்பி, யாழ்ப்பாணத்துப் பிள்ளை, நல்ல பொறுமைசாலி, "அண்ணை, காசு நோட்டுப் படத்தில என்ன பிழை இருக்கு?" என்று எனக்கு ஒரு குறிப்பு எழுதிவிட்டு ரிப்போர்ட்டை மூடிவிட்டார். அவர் மேல் தப்பே இல்லை, அவருக்கு எப்படித் தெரியும்? காலையில் நான் பார்க்கும்போது அந்த இழையில் இந்துக்கள் யார், தமிழர்கள் யார், யாருக்கு எத்தனை சீட் என்று அறுபது பதில் ஓடியிருந்தது. அரசியலமைப்பில் இந்து, முஸ்லிம், சீன மொரீஷியர், இந்த மூன்றிலும் சேராத 'பொதுமக்கள்' என்று நான்கே பிரிவு, தமிழர்கள் இந்துக் கணக்கில் வருகிறார்கள், அதை வைத்துத்தான் நாடாளுமன்றத்தில் கூடுதலாக எட்டு இடம் வரை பங்கிடுகிறார்கள். இந்த மனக்குறை பல தலைமுறையாக இருப்பது. ஒரு படம் அதைக் கிளறிவிட்டது.

ஆகவே விதியோடு கூட உங்கள் ஊர்ப் பட்டியல் ஒன்றை எழுதி வையுங்கள்: எந்தச் சொல், எந்தப் படம், எந்த வருஷம் யாருக்கு ஏன் சுடும் என்று. மாடரேட்டர்கள் மட்டும் பார்க்கிற பட்டியல். எங்களுடையது இப்போது ஐந்து பக்கம். ரூபாய் நோட்டுதான் முதல் வரி.

ஆட்கள் விஷயத்துக்கு வருவோம். ஒருத்தரே எல்லாம் செய்தால் நடக்காது, மூன்று பேராவது வேண்டும், ஒரே கட்சிக்கு ஓட்டுப் போடுகிற மூன்று பேராக இருக்கவும் கூடாது. எங்களிடம் நான், டொரோண்டோ தம்பி, அப்புறம் புதுச்சேரியிலிருந்து போய் ரீயூனியனில் குடியிருக்கும் ஓர் அக்கா. சொந்த நண்பர் சம்பந்தப்பட்ட ரிப்போர்ட்டை யாரும் தொடுவதில்லை, அடுத்தவருக்குத் தள்ளிவிடுவோம். மாஸ்டடான் தளத்தின் சர்வர் பட்டியலில் இடம்பெற 2019 முதல் ஓர் உடன்படிக்கை இருக்கிறது: இனவெறி போன்றவற்றைத் தடுப்பது, தினமும் பேக்கப், அவசரத்துக்கு சர்வரைத் திறக்க இன்னொருவர் கையிலும் சாவி, மூடுவதானால் மூன்று மாத முன்னறிவிப்பு. நீங்கள் அந்தப் பட்டியலில் சேராவிட்டாலும் இந்த நான்கையும் செய்துவிடுங்கள்.

ரிப்போர்ட் வந்தால் அந்த ஒரு பதிவை மட்டும் பார்க்காதீர்கள். இழை முழுக்கப் படியுங்கள், யார் முதலில் தொட்டார் என்று பாருங்கள், கிரியோலில் இருந்தால் கிரியோல் தெரிந்தவர் படிக்கட்டும். பெரும்பாலான சண்டைக்கு ஒரு தனிச்செய்தி போதும்: "அண்ணே, கட்சியைத் திட்டுங்க, அவர் சாதியைத் திட்டாதீங்க." கேட்காவிட்டால் முறையான எச்சரிக்கை. அதற்கும் மேலே போனால் லிமிட், அதாவது அவரைப் பின்தொடர்கிறவர்களைத் தவிர வேறு யார் கண்ணிலும் அவர் பதிவு படாது. கடைசியில்தான் சஸ்பெண்ட். இந்த நடவடிக்கைகளுக்கு எதிராக 20 நாளுக்குள் அவர் முறையீடு செய்ய சாஃப்ட்வேரிலேயே இடம் இருக்கிறது, அந்த முறையீட்டைத் தண்டித்தவரே தீர்ப்பது முறையல்ல, இன்னொரு மாடரேட்டர் பார்க்கட்டும். குழந்தைகளைப் பாலியல் ரீதியாகச் சீரழிக்கும் படம், நேரடிக் கொலைமிரட்டல், ஒருவரின் வீட்டு முகவரியைப் போடுவது, இவற்றுக்கு மட்டும் படிப்படி எதுவும் வேண்டாம், பார்த்த நிமிஷமே நீக்குங்கள்.

இனிதான் கஷ்டமான பகுதி, மற்ற சர்வர்களோடு உள்ள உறவு. ஃபேஸ்புக்கில் இந்தப் பிரச்சினையே இல்லை, ஒரே முதலாளி. இங்கே ஒவ்வொரு சர்வரும் ஒரு வீடு மாதிரி, யார் வீட்டோடு பேச்சுவார்த்தை என்பதை அந்தந்த வீட்டார் முடிவு செய்கிறார்கள். அந்தத் தேர்தல் வாரத்தில், எங்கள் புது உறுப்பினர்கள் இரண்டு பேர் எழுதிய அசிங்கத்தைப் பார்த்துவிட்டு வேறொரு சர்வரின் அட்மின் எங்களை ஒரு வார்த்தை கேட்காமல் மொத்தமாக சஸ்பெண்ட் செய்துவிட்டார். அவர் கோபம் நியாயமானது. ஆனால் இரண்டு பேருக்காக எங்கள் எல்லாருடைய தொடர்பும் அறுந்தது. ரோஸ் ஹில்லில் இருக்கும் ஓர் அம்மா, அந்த சர்வரில் தினமும் ஒரு குறள் போடும் தன் பழைய தமிழ் டீச்சரைப் பின்தொடர்ந்துகொண்டிருந்தார், "டீச்சருக்கு உடம்பு சரியில்லையா?" என்று என்னிடம் கேட்டார். பதினைந்து நாள் கழித்துப் பேசித் தடையை நீக்க வைத்தேன். நீக்கினாலும் அறுந்த பின்தொடர்தல் தானாகத் திரும்பாது, ஒவ்வொருவரும் முதலிலிருந்து தேடிச் சேர்க்க வேண்டும். அறுப்பதற்கு ஒரு கிளிக் போதும் என்பதால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

அடுத்த சர்வர் மேல் கோபம் வந்தால் இப்படிச் செய்யுங்கள். ரிப்போர்ட் கொடுக்கும்போதே அதை அந்த அட்மினுக்கும் அனுப்பும் வசதி இருக்கிறது, அனுப்பினால் கொடுத்தவர் பெயர் அங்கே தெரியாது. அனுப்புங்கள், கூடவே அட்மினுக்குத் தனியாக இரண்டு வரி எழுதுங்கள், இரண்டு நாள் பொறுங்கள். அந்த இடைவெளியில் அந்த சர்வரை லிமிட்டில் வைக்கலாம்: புதிதாக யாருக்கும் தொல்லை வராது, ஏற்கெனவே இருக்கிற பின்தொடர்தலும் அறாது. பதிலே வராவிட்டால், அல்லது "எங்கள் ஆள் சொன்னது சரிதான்" என்று பதில் வந்தால், சஸ்பெண்ட் செய்யுங்கள், முன்கூட்டியே உறுப்பினர்களுக்குச் சொல்லிவிட்டு. காரணத்தைப் பொதுவில் எழுதி வையுங்கள். வெறுப்புக்காகவே நடத்தப்படும் சர்வர் வேறு கதை. 2019 ஜூலையில், வெறுப்புப் பேச்சுக்குப் பேர்போன கேப் (Gab) என்ற சமூக ஊடகத் தளம் மாஸ்டடான் மென்பொருளுக்கு மாறியபோது பல சர்வர்கள் காத்திருக்காமல் கதவைச் சாத்தின, மாஸ்டடானுக்கான செயலிகளைச் செய்கிறவர்களில் சிலரும் சாத்தினார்கள். அது சரியான முடிவு என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் யாரோ தொகுத்த தடைப்பட்டியலைப் படிக்காமல் அப்படியே ஏற்றிவிடாதீர்கள். அதில் வேறு யாரோ இருவரின் பழைய பகையும் இருக்கலாம்.

தேர்தல் காலத்தில் மறக்கக்கூடாதது, உங்கள் கையில் இருக்கும் தகவல். மாஸ்டடானின் தனிச்செய்தி முனைக்கு முனை மறையாக்கம் செய்யப்பட்டதல்ல, சர்வர் நடத்துகிறவர் நினைத்தால் படிக்க முடியும். 2023 மே மாதம் அமெரிக்காவில் கோலெக்டிவா என்ற சர்வரின் அட்மின் ஒருவர் வீட்டில் எஃப்பிஐ வேறு விஷயமாகச் சோதனை போட்டபோது, பூட்டில்லாத தரவுத்தள நகல் ஒன்றும் அவர்கள் கையில் போய்விட்டது. இங்கேயும் 2021இல் சமூக ஊடகப் போக்குவரத்தை இடைமறித்துத் திறந்து பார்க்க ஒரு யோசனை வெளிவந்து, பலத்த எதிர்ப்பைச் சந்தித்தது. ஆகவே பேக்கப்பை மறையாக்கம் செய்யுங்கள், யார் எந்த இணைய முகவரியிலிருந்து வந்தார் என்று காட்டும் ஐபி பதிவுகளைத் தேவைக்கு மேல் வைக்காதீர்கள், லேப்டாப்பில் தரவுத்தள நகல் வேண்டவே வேண்டாம். "ரகசியத்தை இங்கே தனிச்செய்தியில் பேசாதீர்கள், சிக்னல் செயலிக்குப் போங்கள்" என்று உறுப்பினர்களிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, தூக்கம். நாங்கள் மூவரும் இப்போது முறை போட்டுக்கொண்டிருக்கிறோம், எட்டு மணி நேரத்துக்கு ஒருவர், முறை முடிந்தவர் அறிவிப்பை அணைத்துவிட வேண்டும். கையை மாற்றும்போது ஒரு குறிப்பு. இன்று காலை தம்பி விட்டுப்போனது: "ரிப்போர்ட் 6. 4 முடிஞ்சுது. ஒண்டு கிரியோல், எனக்கு விளங்கேல்ல, அக்கா பாக்கட்டும். மற்றது உங்கட நோட்டு விஷயம் மாதிரிக் கிடக்கு, நான் தொடேல்ல."