புகழ் எட்டாத பரிசோதனை ராக் இசையைக் கேட்கப் பழகுவது எப்படி? தாளத்தில் தொடங்கும் ஒரு வழி

1960களின் இறுதியிலும் 1970களின் முற்பகுதியிலும் ராக் இசையின் பெரும் பெயர்கள் அரங்குகளை நிரப்பிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், அதே கிட்டாரையும் அதே டிரம்ஸையும் வைத்துக்கொண்டு, ஒரு பாட்டு இப்படித்தான் இருக்க வேண்டுமா என்று சோதித்துப் பார்த்த சிலர் இருந்தார்கள். விற்பனைப் பட்டியல்களில் அவர்களுடைய பெயர் அரிதாகவே ஏறியது. இன்று அவர்களுடைய ஆல்பங்கள் ஸ்ட்ரீமிங் செயலிகளில் எளிதாகக் கிடைக்கின்றன. ஆனால் கிடைப்பது ஒன்று, உட்கார்ந்து கேட்க முடிவது இன்னொன்று.

புதிதாக வருகிறவர்களில் பலர், இவ்வகை இசைக்கான பரிந்துரைகளில் எப்போதும் மேலே நிற்கும் கேப்டன் பீஃப்ஹார்ட்டின் ‘டிரவுட் மாஸ்க் ரெப்ளிகா’ ஆல்பத்தில் தொடங்கி, மூன்றாவது பாட்டு முடிவதற்குள் செயலியை மூடிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் மூடினேன். மறுபடி அதன் பக்கம் போகச் சில ஆண்டுகள் ஆயின. பாட்டு என்றதும் முதலில் மெட்டைத் தேடுவது நம் காதின் பழக்கம். இந்த இசையிலோ முதலில் கைக்குக் கிடைப்பது தாளம். மெட்டு பிறகுதான் வந்து சேரும். ஆகவே தாளம் மிகத் தெளிவாக இருக்கும் இடத்தில் தொடங்கி, அது மெல்லக் கலங்கும் இடங்களுக்குப் போவது நல்லது. கீழே உள்ள வரிசை அந்த எண்ணத்தில் அமைந்தது. ஒவ்வொரு படிக்கும் ஒரு வாரம் ஒதுக்குங்கள்.

முதலில் செய்ய வேண்டியவை

செயலியில் ஷஃபிள் வசதியை நிறுத்திவிடுங்கள். கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியில் பேஸ் கிட்டார் ஏறக்குறைய மறைந்துபோகும் என்பதால், சாதாரணமானதாக இருந்தாலும் ஒரு ஹெட்போனைப் பயன்படுத்துங்கள். இடது காதுக்குரியது இடது காதில்தான் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். கடைசிப் படியில் அது தேவைப்படும்.

இன்னொன்றும் உண்டு. இவை இசைத்தட்டுக்காக உருவான ஆல்பங்கள். தட்டின் ஒரு பக்கத்தில் சுமார் 20 நிமிட இசை அடங்கும்; அது முடிந்ததும் எழுந்து போய்த் தட்டைத் திருப்ப வேண்டும் என்பதை மனத்தில் வைத்தே பாட்டுகளை அடுக்கினார்கள். செயலி அந்த எல்லையைக் காட்டாது. எந்தப் பாட்டோடு ஒரு பக்கம் முடிகிறது என்பதைக் குறித்துக்கொண்டு, ஒரு வேளைக்கு ஒரு பக்கம் மட்டும் கேளுங்கள்.

படி 1: நொய் – மாறாத தாளத்துக்குக் காதைப் பழக்குதல்

ஜெர்மனியின் டுசெல்டார்ஃப் நகரில் 1971இல் கிளவுஸ் டிங்கர், மிகாயேல் ரோட்டர் என்ற இருவர் கிராஃப்ட்வெர்க் குழுவிலிருந்து விலகி அமைத்ததே ‘நொய்’. ஜெர்மன் மொழியில் ‘புதிய’ என்று பொருள். 1972இல் வந்த முதல் ஆல்பத்தின் முதல் பாட்டான ‘ஹாலோகாலோ’வைப் போடுங்கள். பத்து நிமிடம் ஓடும். அதில் பாடகர் இல்லை, பல்லவி இல்லை, சுருதிக் கூட்டுகள் (கார்டுகள்) ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நகர்வதும் இல்லை. டிங்கரின் டிரம்ஸ் நான்கு எண்ணிக்கையில் நேர்கோடாக ஓடிக்கொண்டே இருக்கும். பிறகு விமர்சகர்கள் இதற்கு ‘மோட்டோரிக்’ என்று பெயர் வைத்தார்கள். டிங்கருக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை.

முதல் முறை கேட்கும்போது கையால் தாளம் போடுங்கள், வேறு எதையும் கவனிக்க வேண்டாம். இரண்டாம் முறை தாளத்தைக் கையிடமே விட்டுவிட்டு, ரோட்டரின் கிட்டார்கள் ஒன்றன்மேல் ஒன்றாக எப்போது வந்து படிகின்றன, எப்போது விலகுகின்றன என்று பாருங்கள். எதுவும் நடக்கவில்லை என்று முதலில் தோன்றிய பாட்டில் ஓயாமல் ஏதோ நடந்துகொண்டிருப்பது அப்போது தெரியும். ரோட்டர் சிறுவயதில் சில ஆண்டுகள் கராச்சியில் வாழ்ந்தவர். தொடக்கமும் முடிவும் இல்லாததுபோல் நீளும் அந்த ஊர் இசை தன்னை ஈர்த்தது என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். இதைத் தெரிந்துகொண்டு கேட்டால், நம் பக்கத்துக் காதுக்கு இந்தப் பாட்டு ஏன் அவ்வளவு அந்நியமாகப் படவில்லை என்பதும் ஒருவாறு புரியும்.

1973இல் வந்த இரண்டாம் ஆல்பத்தை இப்போதைக்கு முதல் பக்கத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். ஒலிப்பதிவின் நடுவே பணம் தீர்ந்துபோனதால், ஏற்கெனவே ஒற்றைத் தட்டாக வெளியாகியிருந்த இரண்டு பாட்டுகளையே வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓட்டி, இரண்டாம் பக்கத்தை நிரப்பினார்கள். பாட்டுகளின் பெயரில் வரும் 16, 78 என்ற எண்கள் தட்டு சுழலும் வேகத்தைக் குறிப்பவை. அன்று அதை ஏமாற்று வேலை என்றவர்கள் உண்டு. ஒரே பதிவைச் சிதைத்துப் புதிய பாட்டாக்கும் ரீமிக்ஸுக்கு அது முன்னோடி என்கிறவர்களும் உண்டு. என் கணிப்பில் இரண்டும் உண்மை. இந்தக் குழுவின் ஆல்பங்கள் 2001இல்தான் முறையாகக் குறுவட்டில் வந்தன என்பதையும் சொல்ல வேண்டும்; அதுவரை கள்ளப் பிரதிகளை நம்பியிருந்த ஒரு குழுவுக்குப் புகழ் எங்கிருந்து வரும்?

படி 2: கேன் – நீண்ட பாட்டில் தங்குதல்

அடுத்தது கொலோன் நகரின் ‘கேன்’, 1968இல் தொடங்கியது. விசைப்பலகை வாசித்த இர்மின் ஷ்மிட்டும் பேஸ் கிட்டார் வாசித்த ஹோல்கர் சுக்கையும் கார்ல்ஹைன்ஸ் ஸ்டாக்ஹவுசனிடம் நவீனச் செவ்வியல் இசை பயின்றவர்கள். டிரம்ஸ் வாசித்த யாக்கி லீபெசைட், தாளக் கட்டே இல்லாத ஜாஸ் வாசித்துச் சலித்துப்போய், அதற்கு நேர் எதிரான கறாரான சுழற்சிக்கு வந்தவர். 1970இல் மியூனிக்கில் ஓர் உணவகத்தின் வெளியே தெருவில் பாடிக்கொண்டிருந்த டாமோ சுசுகி என்ற ஜப்பானிய இளைஞரை சுக்கையும் லீபெசைட்டும் அங்கேயே அழைக்க, அவர் அன்றிரவே குழுவோடு மேடையேறினார்.

கேட்க வேண்டியது 1971இல் வந்த ‘டாகோ மாகோ’. இரட்டைத் தட்டு, நான்கு பக்கங்கள். முதல் பக்கத்தில் மூன்று பாட்டுகள் இருக்கின்றன. மூன்றாவதான ‘ஓ யே’யில் சுசுகியின் குரல் முதலில் பின்னோக்கி ஓடும், பிறகு நேராகி, ஜப்பானிய மொழியில் தொடரும். சொற்கள் புரியாததைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அங்கே குரலும் ஒரு வாத்தியமே.

இரண்டாம் பக்கம் முழுவதும் ‘ஹாலெலூவா’ என்ற ஒரே பாட்டு, பதினெட்டு நிமிடத்துக்கும் மேல். இந்த வாரத்தின் பயிற்சி இதுதான். கையால் தாளம் போட்டுக்கொண்டே கேளுங்கள். ஓரிடத்தில் கை தாளம் போடுவதே உங்களுக்கு மறந்துபோயிருக்கும், கை மட்டும் நிற்காமல் போட்டுக்கொண்டிருக்கும். அந்த நிலைக்கு வந்தபின், இசையின் சூழல் சட்டென்று மாறும் இடங்களைக் கவனியுங்கள். கொலோனுக்கு அருகே நூர்வெனிஷ் என்ற ஊரில் ஒரு பழைய மாளிகையில் இவர்கள் மணிக்கணக்கில் வாசித்ததை இரண்டே தடங்கள் கொண்ட கருவியில் பதிவு செய்து, அந்த ஒலிநாடாவை சுக்கை பிளேடால் வெட்டி ஒட்டிப் பாட்டாக்கினார். வாசித்தது ஐவர் என்றாலும் பாட்டாகத் தொகுத்தது பிளேடுதான் என்று சொல்லத் தோன்றும். வெட்டுகளைத் தாண்டியும் தாளம் தடம் புரளாமல் இருப்பதற்கு லீபெசைட்டின் கை காரணம்.

மூன்றாம் பக்கத்தை முதல் வாரத்தில் தொட வேண்டாம். தாளம் ஏறக்குறைய கரைந்துபோகும் அந்த இடத்தில் பலர் பயந்து ஓடிவிடுகிறார்கள். அதற்குப் பதிலாக 1972இல் வந்த ‘ஏகே பாம்யாசி’க்குப் போய்விடலாம். அதன் உறையில் இருப்பது ஒரு வெண்டைக்காய் டப்பா. துருக்கி மொழியில் அந்தப் பெயருக்கு ஏகியன் கரை வெண்டைக்காய் என்று அர்த்தம். அதில் உள்ள ‘ஸ்பூன்’, மேற்கு ஜெர்மனியில் ஒரு தொலைக்காட்சித் துப்பறியும் தொடருக்கு முகப்பு இசையாகி, அந்நாட்டு விற்பனைப் பட்டியலில் 6ஆம் இடம் வரை போனது. சொந்த நாட்டில் ஒருமுறை கதவு திறந்தது. இங்கிலாந்தும் அமெரிக்காவும் அப்படித் திறக்கவில்லை.

படி 3: ராபர்ட் வயட் – தாளம் பின்வாங்கும்போது

இங்கிலாந்தின் கேன்டர்பரி வட்டாரத்தில் 1966இல் உருவான ‘சாஃப்ட் மெஷின்’ குழுவின் டிரம்ஸ் கலைஞரும் பாடகரும் வயட். 1968இல் ஜிமி ஹென்ட்ரிக்ஸுடன் அமெரிக்கா முழுவதும் பயணம் செய்த குழு அது. 1971இல் அதிலிருந்து வெளியேறினார். 1973 ஜூன் 1 அன்று ஒரு விருந்தின்போது மாடி ஜன்னலிலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். கால்களால் இயக்கும் டிரம்ஸ் பகுதிகள் அதன்பின் அவருக்கு இல்லை என்றானது.

1974 ஜூலையில் வந்த ‘ராக் பாட்டம்’ ஆல்பத்தை இந்த இடத்தில் கேளுங்கள். தயாரித்தவர் பிங்க் ஃபிளாய்ட் குழுவின் நிக் மேசன். விபத்தின் துயரத்தில் பிறந்த ஆல்பம் என்று இதை அறிமுகப்படுத்துவது வழக்கமாகிவிட்டது. ஆனால் இதன் பாட்டுகளில் பலவற்றை விபத்துக்கு முன்பே, வெனிஸ் நகரில் தங்கியிருந்தபோது அவர் தொடங்கியிருந்தார். துயரத்தை எதிர்பார்த்துக் கேட்டால், இதில் உள்ள குறும்பும் காதலும் காதில் விழாமல் போகும்.

முதல் பாட்டு ‘சீ சாங்’. முதல் இரண்டு படிகளில் பிடித்து நடந்த அந்தக் கைப்பிடி இங்கே இல்லை. கடலலைபோல் அசையும் விசைப்பலகையும் மெலிந்த ஒரு குரலும்தான் முன்னே நிற்கும். இறுதியில் சொற்கள் நின்று, குரல் மட்டும் எழும்பிப் போகும் பகுதியை இரண்டு மூன்று முறை கேளுங்கள். டிரம்ஸ் கலைஞர் ஒருவர் டிரம்ஸ் இல்லாமல் காலத்தை அளப்பது எப்படி என்பது அங்கே தெரியும். பிறகு முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டில், தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த மொங்கேசி ஃபேசாவின் டிரம்பெட் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுப் பெருகுவதைக் கவனியுங்கள். ஆல்பத்தின் மற்றப் பகுதிகள் அதன்பின் தாமே வழிவிடும்.

அதே ஆண்டு அவர் பாடிய ‘ஐம் எ பிலீவர்’ பிரிட்டிஷ் பட்டியலில் 29ஆம் இடத்தைத் தொட்டது. தொலைக்காட்சி நிகழ்ச்சிக்குப் போனபோது, சக்கர நாற்காலியில் தோன்றுவது குடும்பத்தோடு பார்ப்பவர்களுக்குப் பொருத்தமில்லை என்று தயாரிப்புத் தரப்பு சொல்ல, வாக்குவாதத்துக்குப் பிறகு அவர் அந்த நாற்காலியிலேயே பாடினார்.

படி 4: கேப்டன் பீஃப்ஹார்ட் – ஒரே பாட்டை ஐந்து முறை

இப்போது ‘டிரவுட் மாஸ்க் ரெப்ளிகா’. கலிஃபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்து ஊரான லான்காஸ்டரில் வளர்ந்த டான் வான் விலீட்டின் மேடைப்பெயர்தான் கேப்டன் பீஃப்ஹார்ட். பள்ளித் தோழரான ஃபிராங்க் ஸாப்பா தயாரிக்க, 1969இல் 28 பாட்டுகளோடு இரட்டைத் தட்டாக இது வந்தது.

கேட்கும் முன் இது உருவான விதத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் ஐந்து பேர் ஆளுக்கொரு பாட்டை வாசிக்கிறார்கள் என்றே தோன்றும். வான் விலீட்டுக்குப் பியானோ வாசிக்கத் தெரியாது. தெரியாத பியானோவில் அவர் கைக்கு வந்ததை வாசிக்க, அதில் பிடித்த துண்டுகளை டிரம்ஸ் கலைஞர் ஜான் ஃபிரெஞ்ச் இசைக்குறியீடாக எழுதி, ஒவ்வொரு வாத்தியத்துக்கும் பிரித்துக் கொடுத்தார். ஒருவருடைய துண்டு குறுகியது, இன்னொருவருடையது நீண்டது. இரண்டும் வெவ்வேறு வேளையில் சுற்றி முடிந்து, எப்போதாவது ஓரிடத்தில் சந்திக்கும். மூன்றெண்ணிக்கைச் சுற்றும் நான்கெண்ணிக்கைச் சுற்றும் பன்னிரண்டில் வந்து சேர்வதுபோல. ஒரே வீட்டில் அடைந்து, சாப்பாட்டுக்கே திண்டாடிக்கொண்டு, தலைவரின் கடுமையான கெடுபிடியில் பல மாதங்கள் பயிற்சி செய்தபின், வாத்தியப் பகுதிகளில் பெரும்பாலானவற்றைச் சில மணி நேரத்தில் பதிவு செய்துவிட்டார்கள். குழப்பம்போல் கேட்பது எல்லாமே மனப்பாடம்.

குரல் மட்டும் வேறு கதை. பாடும்போது வான் விலீட் ஹெட்போன் அணிய மறுத்து, ஒலிப்பதிவு அறையின் கண்ணாடிக்கு அப்பாலிருந்து கசிந்து வந்த இசையை வைத்தே பாடினார். குரல் இசையோடு சரியாகப் பொருந்தாமல் மிதப்பது அதனால்தான். உங்கள் காதில் கோளாறு எதுவும் இல்லை.

முதல் பாட்டான ‘ஃபிரௌன்லேண்ட்’ இரண்டு நிமிடம்கூட இல்லை. அதை ஐந்து முறை கேளுங்கள். முதல் முறை டிரம்ஸ் மட்டும். அது நேராக ஓடாமல், மற்றவர்களைப் போலவே தன் வாக்கியத்தைப் பேசிக்கொண்டிருப்பதைக் காண்பீர்கள். அடுத்த முறை பேஸ் கிட்டார். பிறகு இடது காதின் கிட்டார், அதன்பின் வலது காதின் கிட்டார். ஐந்தாம் முறை குரல். ஆறாம் முறையும் கேட்கத் தோன்றினால், எதையும் தேடாமல் ஒருமுறை ஓடவிடுங்கள். இதே முறையில் நாளுக்கு ஒரு பாட்டு என்று முதல் பக்கத்தை முடித்தால் போதும். ஒரே மூச்சில் 28 பாட்டுகளையும் கேட்பது வீரமாக இருக்கலாம், எனக்கு அது ஒருமுறைகூடப் பயன்பட்டதில்லை. கடினமாக இருந்தால் நடுவே 1967இன் ‘சேஃப் ஆஸ் மில்க்’ ஆல்பத்துக்குப் போய், இதே மனிதர் ப்ளூஸை எவ்வளவு நேர்த்தியாகப் பாடக்கூடியவர் என்று கேட்டுவிட்டு வாருங்கள். அதில் கிட்டார் வாசித்தவர்களில் இளம் ரை கூடரும் ஒருவர்.

‘டிரவுட் மாஸ்க் ரெப்ளிகா’ பிரிட்டனில் 21ஆம் இடம் வரை போனது. சொந்த நாடான அமெரிக்காவின் பட்டியலில் ஏறவே இல்லை. 1982க்குப் பிறகு வான் விலீட் இசையை விட்டுவிட்டு ஓவியரானார், 2010இல் காலமானார். தேசிய ஒலிப்பதிவுகளின் பதிவேட்டுக்கு அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தேர்ந்த 2010ஆம் ஆண்டுப் பட்டியலில் இந்த ஆல்பமும் இடம்பெற்றது.

பக்கம் முடிந்ததும் ஆல்பத்தின் பழைய உறையின் படத்தை இணையத்தில் தேடி, அதில் அச்சாகியுள்ள கலைஞர்களின் பெயர்களை வாசித்துப் பாருங்கள். எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்து, மற்றவர்களுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்து, டிரம்ஸையும் வாசித்த ஜான் ஃபிரெஞ்ச் அதற்குள் குழுவிலிருந்து துரத்தப்பட்டிருந்தார். முதல் பதிப்பின் உறையில் அவர் பெயர் இல்லை. அடுத்து கேட்க வேண்டியதைச் செயலியின் பரிந்துரையிடம் விடாமல், இப்படிப்பட்ட பெயர்களைக் குறித்துக்கொண்டு தேடுங்கள். ஃபிரெஞ்ச், ஃபேசா, நொய்யின் ஒலிப்பதிவைக் கவனித்த கொன்னி பிளாங்க் ஆகிய மூன்று பெயர்களே அடுத்த சில மாதங்களுக்குப் போதும்.