மெல்பேர்ணுக்குப் போன நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு: கரண்ட் பில்லும் காஸ் பில்லும்

போன கிழமை என் பெறாமகன் வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். அவன் மெல்பேர்ண் போய் நான்கு மாதம். படத்தில் இருந்தது கரண்ட் பில். "சின்னம்மா, லைற் எல்லாம் நிப்பாட்டித்தான் வைக்கிறன். ஏன் இவ்வளவு வந்திருக்கு?" என்று கீழே எழுதியிருந்தான். உப்புவெளியில் எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்து படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இங்கே கச்சான் காற்று அனலாக அடித்துக்கொண்டிருந்தது. அவனுக்கோ அங்கே நடுக் குளிர்காலம்.

நான் பதினேழு வருடம் மெல்பேர்ணின் டண்டினோங் பகுதியில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவள். திருகோணமலையிலிருந்து போகும் பிள்ளைகள் முதல் குளிர்காலத்தில் இதே படத்தை இதே கேள்வியோடு அனுப்புகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒருமுறை முழுவதும் எழுதிவிடலாம் என்று நினைத்தேன். மெல்பேர்ண் இருக்கும் விக்டோரியா மாநிலத்தை வைத்துத்தான் எழுதுகிறேன். சிட்னி, பிரிஸ்பேன், அடிலெய்ட் போனவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

இங்கே நாம் பழகிய கணக்கு வேறு. யாரிடம் கரண்ட் வாங்குவது என்ற கேள்வியே நமக்கு வந்ததில்லை, மின்சார சபை ஒன்றுதான் இருந்தது. மாதத்துக்கு 30 யுனிற், 60 யுனிற் என்று படிகள். அறுபதைத் தாண்டினால் பில் போடும் கணக்கே மாறிவிடும். அதனால்தான் மாதக் கடைசியில் அம்மா மீற்றரைப் பார்த்துவிட்டு, "இனி அயன் பண்ணாதை" என்று சொன்னார். காஸ் என்றால் லிற்றோ அல்லது லாஃப்ஸ், 12.5 கிலோ சிலிண்டர். பக்கத்து வீட்டுக்காரர் என்ன விலை கொடுத்தாரோ அதே விலைதான் நமக்கும். ஆகவே மிச்சம் பிடிப்பது என்றால் சுவிற்சை நிப்பாட்டுவது என்றே படித்துக்கொண்டோம்.

அந்தப் பழக்கம் நல்லது, விடவேண்டாம். ஆனால் அங்கே அடுத்தடுத்த இரண்டு வீடுகள் ஒரே அளவு கரண்ட் எரித்துவிட்டு வேறு வேறு தொகை கட்டும். கம்பமும் கம்பியும் ஒன்று, வரும் மின்சாரமும் ஒன்று. பில் அனுப்பும் கம்பெனியும் அதன் பிளானும், அதாவது விலைத் திட்டமும்தான் வேறு. விக்டோரியாவில் கம்பிகளை ஐந்து கம்பெனிகள் பகுதி பகுதியாகப் பிரித்து வைத்திருக்கின்றன. அதில் உங்களுக்குத் தெரிவு கிடையாது. பில் அனுப்பும் கம்பெனியை நீங்கள்தான் தெரிவுசெய்கிறீர்கள். தெரிவுசெய்யாமல் பேசாமல் இருந்தால், அதற்கும் சேர்த்துக் கட்டுகிறீர்கள்.

கம்பெனி மாறினால் கரண்டை வெட்டிவிடுவார்களோ என்று பெறாமகன் பயந்தான். நானும் முதலில் அப்படித்தான் பயந்து மூன்று வருடம் ஒரே கம்பெனியோடு இருந்தேன். புதிதாகச் சேர்பவர்களுக்கு அந்தக் கம்பெனி கொடுத்த விலையைவிட நான் கூடக் கட்டிக்கொண்டிருந்தது பிறகுதான் தெரிந்தது. கம்பெனி மாறும்போது யாரும் வீட்டுக்கு வந்து எதையும் வெட்டுவதில்லை, ஒரு நிமிடம்கூட இருட்டு வராது. அங்கே அநேகமாக எல்லா வீட்டிலும் ஸ்மார்ட் மீற்றர், வாசிப்பு தானாகவே போய்விடும்.

சரி, பில்லை எடுங்கள். முதலில் இரண்டு எண்களைத் தேடுங்கள். ஒன்று நாட்கட்டணம்: நீங்கள் லைற்றே போடாவிட்டாலும் ஒவ்வொரு நாளும் ஏறுவது. மற்றது யுனிற் விலை. விளம்பரத்தில் இரண்டில் எது அழகாக இருக்கிறதோ அதைத்தான் பெரிதாகப் போடுவார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்க்காவிட்டால் கணக்கு பிழைக்கும்.

விளங்குவதற்காக நானே இரண்டு பிளான் போடுகிறேன், இவை உண்மை விலைகள் அல்ல. முதலாவதில் நாளுக்கு 120 சதம், யுனிற்றுக்கு 25 சதம். இரண்டாவதில் நாளுக்கு 90 சதம், யுனிற்றுக்கு 30 சதம். தனியாக இருக்கும் மாணவன் நாளுக்கு 5 யுனிற் எரிக்கிறான் என்றால், 90 நாளுக்கு முதல் பிளானில் 220 டொலர் 50 சதம், இரண்டாவதில் 216 டொலர். அவனுக்கு இரண்டாவதுதான் மலிவு. பிள்ளைகளோடு இருக்கும் குடும்பம் நாளுக்கு 12 யுனிற் எரித்தால் முதலாவதில் 378 டொலர், இரண்டாவதில் 405. அவர்களுக்கு முதலாவது. நாளுக்கு 6 யுனிற் என்றால் இரண்டும் சமம். அதனால், "நான் இந்தக் கம்பெனி, நல்ல மலிவு, நீயும் சேர்" என்று கோயிலில் யாராவது சொன்னால் அது அவர் வீட்டுக்குச் சரி. உங்கள் வீட்டுக்கு உங்கள் யுனிற்றை வைத்துத்தான் பார்க்கவேண்டும். இன்னொன்று, பத்து வீத ஜி.எஸ்.ரி. வரி சேர்த்த விலையா, சேர்க்காத விலையா என்று கவனியுங்கள். ஒன்றைச் சேர்த்தும் மற்றதைச் சேர்க்காமலும் ஒப்பிட்டால் முழுவதும் வீண்.

ஒப்பிடுவதற்கு அரசாங்கத்தின் இணையத்தளம் இருக்கிறது: விக்டோரியன் எனர்ஜி கொம்பெயார். இலவசம். பில்லைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள். பில்லில் உங்கள் இணைப்புக்கென்று என்.எம்.ஐ. என்ற எண் இருக்கும், அது தேவைப்படும். பில் இன்னும் வராதவர்கள் தபால் குறியீட்டையும் வீட்டில் எத்தனை பேர் என்பதையும் கொடுத்தே மதிப்பீடு எடுக்கலாம். நியூ சவுத் வேல்ஸ், குயின்ஸ்லாந்து, தென் அவுஸ்திரேலியா, தஸ்மேனியா, கன்பரா என்றால் எனர்ஜி மேட் ஈஸி என்ற தளம், அதுவும் அரசாங்கத்துடையதுதான். தனியார் ஒப்பீட்டுத் தளங்களும் இருக்கின்றன. அவற்றில் பல, தங்களுக்குக் கமிஷன் கொடுக்கும் கம்பெனிகளை மட்டுமே காட்டும். நான் அரசாங்கத் தளத்தைத்தான் சொல்வேன்.

இதைவிடச் சுலபமான ஒன்று உங்கள் பில்லிலேயே இருக்கிறது, பலர் கண்ணில் படுவதில்லை. விக்டோரியாவில் கம்பெனிகள் தங்களிடம் உங்களுக்கு இதைவிட மலிவான பிளான் இருக்கிறதா என்பதைப் பில்லில் அவ்வப்போது சொல்லியே ஆகவேண்டும், அது சட்டம். "பெஸ்ற் ஒஃபர்" என்று தேடிப் பாருங்கள். பெறாமகனின் பில்லில் முதல் பக்கத்திலேயே அது இருந்தது. அவன் கட்டவேண்டிய தொகையை மட்டும் பார்த்துவிட்டு மூடியிருக்கிறான். ஒரு போன் அழைப்பில் மாறலாம். ஆனால் அது அந்தக் கம்பெனிக்குள் சிறந்தது மட்டும்தான். வெளியில் அதைவிட மலிவு இருக்கக்கூடும்.

"இருபது வீதம் கழிவு" போன்ற விளம்பரங்களைப் பற்றி: எதிலிருந்து கழிவு என்று கேளுங்கள். 2019 ஜூலை 1 முதல் விக்டோரியாவில் கரண்டுக்கு அரசாங்க ஒழுங்குபடுத்துநர் ஒரு அடிப்படை விலை நிர்ணயிக்கிறார், விக்டோரியன் டிபோல்ற் ஒஃபர் என்பார்கள். கழிவை அந்த விலையோடு ஒப்பிட்டுத்தான் சொல்லவேண்டும். இப்போது அது ஒவ்வொரு ஜூலையிலும் மாறுகிறது, அதையொட்டி மற்ற விலைகளும் அசையும். ஆகவே வருடத்துக்கு ஒருமுறை, ஓகஸ்ட் அளவில், ஒரு அரை மணித்தியாலம் ஒதுக்கித் திரும்ப ஒப்பிடுங்கள். காஸுக்கு இப்படி ஒரு அடிப்படை விலை கிடையாது. அதில் இன்னும் கூடக் கவனம் வேண்டும்.

நேரத்துக்கு நேரம் விலை மாறும் பிளானும் உண்டு. நம் ஊரிலும் கரண்ட் கட்டணப் பட்டியலில் மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை உச்ச நேரம் என்று இருக்கிறது அல்லவா, அதே யோசனைதான். விக்டோரியாவில் பெரும்பாலும் பிற்பகலில் தொடங்கி இரவு 9 வரை. இரவு வேலைக்குப் போகிறவர்கள், ஒன்பது மணிக்குப் பிறகு உடுப்புக் கழுவக்கூடியவர்களுக்கு லாபம். பள்ளிப் பிள்ளைகள் மூன்றரைக்கு வீட்டுக்கு வந்து ஹீற்றர் போட்டு, அப்புறம் சமையலும் குளிப்பும் நடக்கும் வீட்டுக்கு இது நட்டம். எல்லா நேரமும் ஒரே விலை என்ற பிளானே அவர்களுக்கு நிம்மதி.

இனி காஸ். நம் சிலிண்டர் முடிந்தால் தெரியும், எவ்வளவு நாள் வந்தது என்று கலண்டரில் குறித்தும் வைத்தோம். அங்கே குழாயில் வரும், முடியாது, அதனால் எவ்வளவு போகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. பில் மெகாயூல் கணக்கில் வரும். 3.6 மெகாயூல் என்பது ஒரு யுனிற் கரண்டுக்குச் சமமான சக்தி. இதை நினைவில் வைத்தால் இரண்டையும் ஒரே தராசில் வைக்கலாம். இன்னொரு வித்தியாசம்: இங்கே கூட எரித்தால் யுனிற் விலை ஏறும், அங்கே பல காஸ் பிளான்களில் கூட எரித்தால் அடுத்த படியின் விலை குறையும். அதனால் குறைவாக எரிக்கும் சின்ன வீட்டுக்காரர் முதல் படியின் விலையையும் நாட்கட்டணத்தையும்தான் முக்கியமாகப் பார்க்கவேண்டும். அடுப்புக்கு மட்டும் காஸ் இருக்கும் வீட்டில் பில்லின் பெரும்பகுதி நாட்கட்டணமாகவே போகும். வாடகைக்கு வீடு பார்க்கும்போதே இதைக் கேட்டுவிடுங்கள். 2024 ஜனவரி 1க்குப் பிறகு திட்ட அனுமதி தேவைப்படும் புதிய வீடுகளுக்கு விக்டோரியாவில் காஸ் இணைப்பே கிடையாது, அவை முழுக்கக் கரண்ட் வீடுகள்.

பெறாமகனின் பில்லுக்குக் காரணம் கடைசியில் பிடிபட்டது. லைற் இல்லை. அறைக்குள் வைத்திருந்த சின்ன விசிறி ஹீற்றர். விலை மலிவு என்று வாங்கியிருக்கிறான். அதன் அடியில் 2400 வோற் என்று எழுதியிருந்தது. ஐந்து மணித்தியாலம் போட்டால் 12 யுனிற். யுனிற் 30 சதம் என்று வைத்தால் ஒரு இரவுக்கு 3 டொலர் 60 சதம், 90 நாளுக்கு 324 டொலர். அதே வீட்டின் ஹோலில் சூடும் குளிரும் தரும் ஏசி சுவரில் இருக்கிறது, ஏசி என்றால் செலவு என்ற நம் ஊர் எண்ணத்தில் அவன் அதைத் தொடவே இல்லை. அந்த வகை ஏசி ஒரு யுனிற் கரண்டுக்கு மூன்று மடங்கு வெப்பமாவது தரும். அதே சூட்டுக்கு 4 யுனிற் போதும், 1 டொலர் 20 சதம். மெகாயூல் 4 சதம் என்று வைத்தால் காஸ் ஹீற்றரில்கூட அதே வெப்பத்துக்கு 1 டொலர் 70 சதத்துக்கு மேல் ஆகும். பிள்ளைகளே, எந்தப் பிளானுக்கு மாறினாலும் விசிறி ஹீற்றரை வைத்துக்கொண்டு பில்லைக் குறைக்க முடியாது.

அடுத்தது சுடுதண்ணி. கன்னியாவில் ஏழு கிணற்றிலும் சூடாகவே ஊறுகிறது, அள்ளி அள்ளி ஊற்றினோம். அங்கே குளியலறையில் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் காஸோ கரண்டோ எரிகிறது.

வீடு மாறும் நாளைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். வீட்டுத் திறப்பை வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தால் லைற் எரியும். "ஆ, கரண்ட் இருக்கு" என்று பேசாமல் இருந்துவிடாதீர்கள். முன்பு அந்த வீட்டுக்கு விற்ற கம்பெனியிடம், நீங்கள் தெரிவுசெய்யாத விலையில் வாங்கத் தொடங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். போவதற்கு மூன்று நான்கு வேலைநாள் முன்பே நீங்களே கம்பெனியைத் தெரிவுசெய்து சொல்லிவிடுங்கள். வீட்டு ஏஜென்ட், "இணைப்பெல்லாம் நாங்களே செய்து தருகிறோம்" என்று ஒரு படிவம் நீட்டுவார். அதற்குச் சம்மதிக்கவேண்டிய கடமை வாடகைக்காரருக்கு இல்லை. உள்ளே போன முதல் நாளே காஸ் மீற்றரைப் படம் எடுத்து வையுங்கள். காஸ் பில் சிலவேளை வாசிக்காமல் மதிப்பீட்டில் வரும், அப்போது அந்தப் படம் உங்களுக்குச் சாட்சி. சில அடுக்குமாடிகளில் கட்டடம் முழுவதற்கும் ஒரே விற்பனையாளர்தான், எம்பெடட் நெட்வேர்க் என்பார்கள். அங்கே மாறுவது மிகவும் கஷ்டம். கையெழுத்து வைக்க முன் கேளுங்கள்.

வாசலில் வந்து பில்லைக் காட்டச் சொல்பவரிடம் பில்லைக் காட்டாதீர்கள். அவசரத்தில் எதற்காவது சம்மதித்துவிட்டால், பத்து வேலைநாளுக்குள் காரணம் சொல்லாமலே விலகலாம்.

அரசாங்க உதவிப்பண அலுவலகமான சென்ரர்லிங்கின் ஹெல்த் கெயார் அட்டையோ ஓய்வூதிய அட்டையோ இருப்பவர்களுக்கு விக்டோரியாவில் கரண்ட் பில்லில் 17.5 வீதச் சலுகை வருடம் முழுவதும் உண்டு. காஸுக்கு மே 1 முதல் ஒக்ரோபர் 31 வரை. ஆனால் அட்டை எண்ணை நீங்களே கம்பெனிக்குக் கொடுக்கவேண்டும். கம்பெனி மாறினால் புதியவரிடம் திரும்பவும் கொடுக்கவேண்டும். இதை மறந்து மாதக்கணக்கில் முழுத் தொகை கட்டிய அகதிக் குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன், மனம் பொறுக்கவில்லை. மாணவ விசாவில் போனவர்களுக்குப் பொதுவாக இந்த அட்டை கிடைக்காது.

பில் கட்ட முடியாத மாதம் வந்தால் ஒளிக்காதீர்கள். கட்டவேண்டிய நாளுக்கு முன்பே போன் எடுத்து, தவணையாகக் கட்டுகிறேன் என்று சொல்லுங்கள். அந்த வசதியைக் கொடுக்கவேண்டிய கடமை கம்பெனிக்கு இருக்கிறது. கம்பெனியோடு பேசித் தீராவிட்டால் எனர்ஜி அண்ட் வோட்டர் ஒம்பட்ஸ்மன் இருக்கிறார், முறைப்பாடு செய்யச் செலவில்லை. ஆங்கிலத்தில் பேசத் தயக்கம் என்றால் 131 450 என்ற எண்ணுக்கு எடுங்கள், அது அரசாங்கத்தின் மொழிபெயர்ப்புச் சேவை. எந்த மொழி என்று கேட்பார்கள். "தமிழ்" என்று சொல்லிவிட்டு, பில்லையும் பேனையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு லைனில் நில்லுங்கள்.