ஜெர்பில் இணை சேர்க்குமுன் போட வேண்டிய நிறக் கணக்கு

எலியைப் போன்ற சிறு வளர்ப்புப் பிராணிகளான ஜெர்பில்களை நிறத்துக்காக இணை சேர்ப்பவர், கண்ணுக்குத் தெரியும் நிறத்தையும் உள்ளே மறைந்திருக்கும் மரபணுவையும் தனித்தனியே பார்க்கப் பழக வேண்டும். காட்டு நிறமான பொன் அகூட்டியின் முதுகு மயிரை மெல்ல ஊதினால், ஒவ்வொரு மயிரும் அடியில் சாம்பலும் நடுவில் மஞ்சளும் நுனியில் கறுப்புமாக இருப்பது தெரியும், வயிறு வெளுத்திருக்கும். இந்தப் பட்டைகளைத் தரும் மரபணு ஓங்கு தன்மையுடையது, அதாவது பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தாலே வெளிப்படும். அதன் ஒடுங்கு வடிவம் தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்து சேர்ந்தால் பட்டைகள் மறைந்து, வயிறு உட்பட உடல் கறுப்பாகிவிடும். தொண்டையில் சிறு வெண்திட்டு இருந்தாலும் அது கறுப்பு ஜெர்பிலே.

இரண்டாவது, இளஞ்சிவப்புக் கண்ணைத் தரும் ஒடுங்கு மரபணு. இது இரட்டையாக அமைந்தால் அகூட்டி ஆரஞ்சு நிற ஆர்ஜென்ட்டாகவும், கறுப்பு வெளிர் சாம்பல் நிற லைலாக்காகவும் வெளிறும். மயிர் முளைக்காத பச்சைக் குட்டியிலேயே இதைக் கண்டுகொள்ளலாம். மூடிய இமைக்கடியில் கரும்புள்ளி தெரியாவிட்டால் அதன் கண் இளஞ்சிவப்பே. சாம்பல் மரபணுவும் இவ்வாறே இரட்டையாக வந்தால் அகூட்டியைச் சாம்பல் அகூட்டியாகவும், கறுப்பை அடர் சாம்பல் நிற ஸ்லேட்டாகவும் மாற்றும்.

ஓர் அகூட்டி எதை மறைத்து வைத்திருக்கிறது என்பதை அறிய, அதை லைலாக்குடன் சேர்ப்பதே நல்ல வழி. லைலாக்கிடம் கறுப்பு, இளஞ்சிவப்புக் கண் ஆகிய இரண்டு ஒடுங்கு மரபணுக்களும் இரட்டையாக இருப்பதால், அகூட்டி கொடுக்கும் மரபணு எதுவோ அதுவே குட்டியில் வெளிப்படும். ஒரு கறுப்புக் குட்டி பிறந்தாலும் அகூட்டி கறுப்பைச் சுமப்பது உறுதி. பிறந்த ஐந்தும் அகூட்டி வகைக் குட்டிகளாக (அகூட்டி அல்லது ஆர்ஜென்ட்) இருந்தால், அது கறுப்பைச் சுமந்தும் தற்செயலாக அப்படி நேர்ந்திருக்க 32-இல் ஒரு வாய்ப்பு இருக்கிறது; ஆகவே இன்னோர் ஈற்றையும் பார்த்துவிட்டு முடிவு செய்வது நல்லது. இரண்டு மரபணுக்களையும் சுமக்கும் இரு அகூட்டிகளைச் சேர்த்தால், 16-க்கு 9 அகூட்டி, 3 கறுப்பு, 3 ஆர்ஜென்ட், 1 லைலாக் என்பது எதிர்பார்ப்பு. நான்கைந்து குட்டிகள் கொண்ட ஓர் ஈற்றில் இந்த விகிதத்தை எதிர்பார்க்கக் கூடாது.

வெண்புள்ளி மரபணுவின் போக்கு வேறு. அது ஓங்கு தன்மையுடையது என்பதால் ஒன்று இருந்தாலே புள்ளி விழும். இரட்டையாக அமைந்த கரு தாயின் வயிற்றிலேயே இறந்துவிடும். புள்ளியுள்ள இரண்டைச் சேர்த்தால் நான்கு கருக்களில் ஒன்று அழியும், இரண்டு புள்ளியுடன் பிறக்கும். புள்ளியுள்ளதையும் இல்லாததையும் சேர்த்தாலும் புள்ளிக் குட்டி அதே இரண்டுதான். எனவே முதல் வகைச் சேர்க்கையால் இழப்பைத் தவிரப் பயன் எதுவும் இல்லை.

பதிவேட்டில் குட்டியின் கண் நிறத்தையும் புள்ளியையும் முதல் நாட்களிலேயே எழுதலாம். மேனி நிறத்தை மட்டும் முதல் மயிருதிர்வு முடிந்த பிறகே உறுதி செய்ய வேண்டும். எடுத்துக்காட்டாக, கருங்கண் தேன்நிறம் என்ற வகைக் குட்டி முதலில் வெறும் மஞ்சளாக வளர்ந்து, அந்த மயிருதிர்வுக்குப் பின்னரே கருநுனி மயிர்களைப் பெறும்.