பிடில் வாங்கக் கிளம்பும் முன்

சேலத்துப் பக்கம் கச்சேரி கேட்டு வளர்ந்த பெரியவர்கள் வயலினையே 'பிடில்' என்பார்கள். அயர்லாந்து நாட்டுப்புற மெட்டுகளை யூடியூபில் கேட்கும் பேரப்பிள்ளையோ, "வீட்டில் வயலின்தானே இருக்கு, எனக்குப் பிடில் வேணும்" என்று அடம்பிடிக்கும். இன்னொன்று வாங்கித் தொலைப்பதுதான் முதல் தவறு. இரண்டும் ஒரே வாத்தியம். வாசிக்கும் பாணிதான் வேறு. (ரோம் எரிகையில் நீரோ பிடில் வாசித்தான் என்பதும் கதைதான். அவன் செத்தது கி.பி. 68இல், வயலின் இத்தாலியில் உருவானது 16ஆம் நூற்றாண்டில்.)

வாத்தியத்தில் வேறுபாடு என்று ஏதாவது இருந்தால், அது தந்திகளைத் தாங்கி நிற்கும் மரத்துண்டான பிரிட்ஜில்தான். நாட்டுப்புறப் பாணிக்காரர்கள் சிலர் அதன் மேல்வளைவைச் சற்றுத் தட்டையாக்கிக்கொள்வார்கள். வில் ஒரே இழுப்பில் இரண்டு தந்திகளைத் தொட வசதி. அதைப் பார்த்துவிட்டு உப்புத்தாளை எடுத்து வீட்டிலேயே தேய்க்காதீர்கள். அப்புறம் வர்ணம் வாசிக்க உட்கார்ந்தால் பக்கத்துத் தந்தியும் கூடவே உராய்ந்து கத்தும். தேய்த்த மரம் திரும்ப வராது. ஆசையிருந்தால் தனியாக ஒரு பிரிட்ஜ் செதுக்கி வாங்கி வைத்துக்கொள்ளலாம். ஆனால் தந்திகளை மொத்தமாக அவிழ்த்து மாற்றாதீர்கள். வயலினுக்குள்ளே நிற்கும் சிறு மரக்குச்சியான சவுண்ட் போஸ்ட் ஒட்டப்பட்டதல்ல, தந்திகளின் அழுத்தத்தில்தான் நிற்கிறது. அழுத்தம் போனால் சாய்ந்துவிடக்கூடும்.

சுருதியிலும் சறுக்குவார்கள். கர்நாடக இசையில் நமக்கு ச‑ப‑ச‑ப. மேற்கத்திய முறையில் ஜி‑டி‑ஏ‑இ; அடுத்தடுத்த தந்திகளுக்கு இடையே எப்போதும் ச‑ப தூரம்தான். நம் மேல்தந்திகள் பெரும்பாலும் அதைவிடத் தாழ்ந்த சுருதியில் இருக்கும். சர்ச் பாடகர் குழுவில் வாசிக்க ஏற்காடு போகிறவர் மேல்தந்தியை மேற்கத்திய சுருதிக்கு ஒரே முறுக்காக ஏற்றினால் பட்டென்று அறுந்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாக, பிரடையை (தந்தி சுற்றியிருக்கும் முறுக்காணியை) உள்ளே அழுத்தியபடி திருகுங்கள்.

மலைப் பனிமூட்டத்தில் பிரடை உப்பி இறுகும். இறங்கி வந்தால் சுருங்கி வழுக்கும். இறுகிவிட்டதே என்று குறடு போட்டால், பிரடைகள் செருகியிருக்கும் பிரடைப் பெட்டி விரிசல் விடும். வயலினை ஓரிரண்டு நாள் அதை எடுத்துப்போகும் பெட்டிக்குள் வைத்தால் பெரும்பாலும் தானே இளகும்.

சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் மட்டும் விட்டுவைக்காதீர்கள். பலகைகளை ஒட்டுவது விலங்குப் பசை. சூட்டில் இளகி ஓரம் பிரியும். பிரிந்த இடத்தில் பெவிகால் தடவுவது அதைவிட மோசம். அடுத்த முறை ரிப்பேருக்குத் திறக்கும்போது ஒட்டு விடாது, பலகைதான் பிளக்கும்.