ஜப்பான் ராணுவ மெடல் சேக்க ஆரம்பிக்கிறவங்களுக்கு

நம்ம வேலூர் பக்கம் மிலிட்டரிக்காரங்க இல்லாத ஊர் கம்மி, கம்மவான்பேட்டையில எல்லாம் வீட்டுக்கு வீடு இருப்பாங்க. பர்மா சண்டைக்கு போன தாத்தாவோட டிரங்க் பெட்டியில ஜப்பான் மெடல் எதுனா இருந்தா மொதல்ல விலை கேக்காதீங்க, அது யார் கொண்டாந்தது, எந்த ரெஜிமெண்ட், எந்த வருஷம்னு வீட்டு பெரியவங்க இருக்கறப்பவே கேட்டு எழுதி வச்சிக்குங்க. ஏன்னா முதல் உலகப் போர் பிரிட்டிஷ் மெடல்ல ஓரத்துலயே சிப்பாய் பேரு, நம்பர் இருக்கும், ஜப்பான் போர் மெடல்ல பேரு வெட்டமாட்டாங்க. பட்டயம், டப்பா கூட இருந்தா எதையும் தனியா பிரிக்கவே கூடாது.

புதுசா வாங்கறவங்க 1904-05 ரஷ்யா போர் மெடல்ல (ரஷ்யாவோட சண்டை போட்டதுக்கு ஜப்பான் குடுத்தது) ஆரம்பிங்க, நெறைய அடிச்சது, இப்பவும் கெடைக்குது. மேல செவ்வந்திப்பூ முத்திரை, நடுவுல ராணுவக் கொடியும் கடற்படைக் கொடியும் குறுக்கா இருக்கும். லென்ஸ் வச்சு கொடியில இருக்கற சூரியக் கதிர்களை பாருங்க, அச்சுல அடிச்சதுன்னா கோடு கூர்மையா இருக்கும், வார்ப்புல செஞ்ச டூப்ளிகேட்ல கோடு மழுங்கி சின்ன சின்ன குழி தெரியும். மேல ரிப்பன் கோக்கற உலோகப் பட்டையில எழுத்து வலமிருந்து இடமா போகும். பின்பக்கம் மெய்ஜி 37, 38னு வருஷம் இருக்கும். ஜப்பான்ல ஒவ்வொரு மன்னர் காலத்துக்கும் ஒரு பேரு வச்சு வருஷம் எண்ணுவாங்க, நம்ம வருஷம் வேணும்னா மெய்ஜி வருஷத்தோட 1867 கூட்டுங்க, தைஷோன்னா 1911, ஷோவான்னா 1925, அவ்ளோதான்.

செஞ்சிலுவை சங்க உறுப்பினர் மெடலை போர் மெடல்னு சொல்லி விப்பாங்க, அது சந்தா கட்டின பொதுமக்களுக்கும் குடுத்தது, அழகா இருக்கும், ஆனா போர் மெடல் விலை குடுக்காதீங்க. 1890ல ஆரம்பிச்சு 1947ல நிறுத்தின தங்கப் பருந்து விருது (போர்ல வீரம் காட்டின ஜப்பான் படைக்காரங்களுக்கு குடுத்தது) பக்கம் இப்போதைக்கு போவாதீங்க, விலையும் ஜாஸ்தி, போலியும் ஜாஸ்தி.

தயவுசெஞ்சு குத்துவிளக்கு மாதிரி புளி போட்டு தேய்க்காதீங்க! முலாம் போயிடும், போனா போனதுதான். நம்ம ஊர் வெயில் பட்டா பட்டு ரிப்பன் வெளுத்துடும், மழைக்காலத்துல சிலிக்கா ஜெல் பாக்கெட் போடுங்க, பிவிசி கவர்ல வச்சா நாளாக நாளாக பச்சை பூத்துடும்.

இன்னொண்ணு, 100 வருஷம் தாண்டின சரித்திரப் பொருளை 1972 தொல்பொருள் சட்டப்படி தனி ஆளு வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது, ரஷ்யா போர் மெடலுக்கு அந்த வயசு ஆயிடுச்சு, அதனால அப்புறம் வெளிய வித்துக்கலாம்னு கணக்கு போட்டு வாங்காதீங்க.