நீலத்தின் மேல் ஏறிய சிவப்பு: பழைய பீங்கான் வாங்குவோர் செய்யும் தவறுகள்

பழைய சீனக் கிண்ணம் ஒன்று கைக்கு வந்ததும் எல்லோரும் அதைக் கவிழ்த்து, அடியில் பேரரசர் பெயர் எழுதிய முத்திரையைத்தான் பார்ப்பார்கள். கவிழ்ப்பது சரி, அந்த எழுத்தை நம்புவதுதான் தவறு. காங்ஷி பேரரசர் காலத்துப் (1662–1722) பாத்திரங்களில், அவருக்கு இருநூறு ஆண்டு முந்தைய மிங் வம்சப் பேரரசர் செங்ஹுவாவின் பெயர் சர்வசாதாரணமாக இருக்கும். பழையவர்களின் கைத்திறன் மீதிருந்த மரியாதை ஒரு காரணம். 1677இல், சீனாவின் பீங்கான் நகரமான ஜிங்டெசென்னின் அதிகாரி ஒருவர், ஆளும் பேரரசரின் பெயரைப் பீங்கானில் எழுதக் கூடாதென்று தடை போட்டது இன்னொரு காரணம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் காங்ஷியின் பெயரைப் போட்டே நீல வெள்ளைச் சாடிகள் வந்து குவிந்தன.

எழுத்தை விட்டுவிட்டு அடிவளையத்தைத் தடவிப் பாருங்கள். மெருகு (மேலே சுட்ட கண்ணாடிப் பூச்சு) எங்கே நிற்கிறது, மண் என்ன நிறம், தேய்மானம் இயல்பாக இருக்கிறதா? சிவப்பு, நீலம், பொன் கலந்த தட்டைக் கண்டதும் ‘ஜப்பானிய இமாரி’ என்று முடிவு கட்டுபவர்களுக்கும் பதில் அடியில்தான் இருக்கிறது. இமாரி வகை உருவான ஜப்பானின் அரிட்டாவில் செய்த பெரிய தட்டுகள் சூளையில் தொய்ந்துவிடாமலிருக்க அடியில் சிறு முட்டுகள் கொடுப்பார்கள். அவை விட்டுச்சென்ற புள்ளித் தழும்புகள் தெரியும். இமாரியைப் பார்த்துச் சீனர் செய்த தட்டுகளில் பொதுவாக இவை இருக்காது.

பெரிய குழப்பம் ஐரோப்பாவில் மறுபடி வண்ணம் தீட்டிய பாத்திரங்களில்தான். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீல வெள்ளையைவிடப் பல வண்ணப் பீங்கானுக்கு விலை அதிகம். டச்சுக்காரர்கள் சும்மா இருப்பார்களா? வெறும் வெள்ளையாகவும் நீல வெள்ளையாகவும் வந்த சரக்கை வாங்கி, ஜப்பானின் காக்கியேமோன் பாணியில், மெருகின் மேல் எனாமல் வண்ணம் தீட்டி, சிறு சூளையில் மறுபடி சுட்டு விற்றார்கள். ‘ஆம்ஸ்டர்டாம்ஸ் போண்ட்’ என்பது அதுதான். லண்டனில் ஜேம்ஸ் கைல்ஸின் பட்டறையும் இந்த வேலை செய்தது. பொஹீமியா பக்கம் பிரைஸ்லர் குடும்பத்தார் கறுப்பு வண்ணத்தில் நுணுக்கமாகத் தீட்டினார்கள்.

கண்டுபிடிக்கும் வழி எளிது. மெருகுக்குக் கீழே இருக்கும் நீலக் கோட்டைத் தொடருங்கள். ஜிங்டெசென்னில் ஒரே திட்டத்தில் தீட்டியதென்றால் சிவப்பும் பச்சையும் நீலம் விட்டுவைத்த இடத்தில் வந்து உட்காரும். பின்னால் தீட்டியதில் நீலக் கிளையின் குறுக்கே சிவப்புப் பூ ஏறி நிற்கும். வெள்ளைக் கிண்ணமென்றால் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்: கீறிய பூவேலை ஒன்று மங்கலாகத் தெரியும், அதைக் கண்டுகொள்ளாமல் மேலே வேறு படம் ஓடும். மறுசூட்டில் எழுந்த கரும்புள்ளிகளும் துப்புக் கொடுக்கும்.

இப்படித் தெரிந்ததும் ‘கெடுத்துவிட்டார்கள்’ என்று ஒதுக்குவது அடுத்த தவறு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நல்ல நீல வெள்ளையின் மேல் அப்பிய ‘கிளாபரிங்’ வேலையில் பெரும்பகுதி எனக்கும் பிடிக்காது. ஆனால் நல்ல டச்சு வேலையையும் கைல்ஸ் வேலையையும் தேடிச் சேர்ப்பவர்கள் உண்டு. இவை போலிகள் அல்ல. பாரிஸின் சாம்சன் நிறுவனம் 1845 முதல் செய்த நகல்கள் வேறு கதை. அங்கே களிமண்ணே ஐரோப்பாவுடையது.

பராமரிப்பில் ஒன்றிரண்டு. மெருகுக்கு மேல் பூசிய பொன் தேய்த்தால் போய்விடும், ஆகவே பாத்திரம் கழுவும் இயந்திரம் பக்கமே போகாதீர்கள். ஸ்பிரிங் கம்பிக் கொக்கியில் தட்டை மாட்டினால் விளிம்பு சில்லாகும். அடியில் உலோகத் தையல் போட்ட பழைய ஒட்டு இருந்தால் அழகுக்காக அதைப் பிடுங்க வேண்டாம். துளைகள் அப்படியே நிற்கும், விரிசலும் வாய் திறக்கும்.